தாயம் உருட்டும் தண்டவாளம்

கணிப்பொறியில் ரயில் ஓட்டும் ஆட்டம் ஒன்றை மூன்றாவது முறையாக ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை ஆடியபோது எவ்வளவு பரபரப்பு! வளைவு திரும்பியதும் திடீரென்று சிவப்பு விளக்கு. பிரேக் பிடித்து ரயிலை நிறுத்துவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. இரண்டாம் முறை வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டீர்கள். மூன்றாம் முறையோ, பக்கத்தில் இருந்த முறுக்கைக் கடித்தபடி சாவகாசமாகப் பிரேக் போடுகிறீர்கள். அங்கே சிவப்பு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை விநாடியில் அது பச்சையாகும் என்பதும் தெரியும். இப்போது நீங்கள் செய்வது ரயில் ஓட்டுவதா? மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போலத்தானே இருக்கிறது!

2001ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர் என்ற ஆட்டத்தை ஆடியவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. அருமையான ஆட்டம் அது. இங்கிலாந்தின் செட்டில் நகரிலிருந்து கார்லைல் வரை நீராவி எஞ்சின் ஓட்டலாம்; ஆஸ்திரியாவின் மலைப் பாதையில் போகலாம்; அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டிரண்டு பாதைகள். ஆனால் ஆட்டத்தில் தரப்பட்ட ஒவ்வொரு பயணப் பணியும் முன்கூட்டியே எழுதப்பட்ட நாடகம். எதிரே வரும் சரக்கு ரயில் எந்த நேரத்தில் புறப்பட வேண்டும் என்பது எழுதி வைத்தபடியே நடக்கும். பத்து முறை ஆடினாலும் அதே சரக்கு ரயில் அதே இடத்தில் உங்களைக் கடக்கும்.

இதற்கு என்ன மருந்து? "கொஞ்சம் தற்செயலைக் கலந்துவிட்டால் போயிற்று" என்று உடனே சொல்லத் தோன்றும். சரிதான். ஆனால் எங்கே கலப்பது, எவ்வளவு கலப்பது என்பதில்தான் வேடிக்கையெல்லாம் இருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மூன்று ஆட்டங்கள்

நம் வீட்டுத் திண்ணையில் ஆடும் மூன்று ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் பகடையே கிடையாது. எல்லாக் காய்களும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனாலும் அது அலுப்பதில்லை. ஏன்? எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடுத்து என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியாது. பரமபதம் இதற்கு நேர் எதிர். எல்லாமே பகடைதான். ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் உங்கள் கையில் இல்லை. நீங்கள் யோசிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. தாயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதலில் கட்டையை உருட்டுகிறோம். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது என்று முடிவு செய்கிறோம். தற்செயல் முதலில், யோசனை பிறகு.

ரயில் ஆட்டத்தில் எதிராளி என்று யாரும் இல்லை. ஆகவே அது ஆடுபுலி ஆட்டமாக இருக்க முடியாது. அதைப் பரமபதம் ஆக்கிவிட்டாலும் கெட்டுவிடும். தாயம் போல ஆக்க வேண்டும். எப்படி?

சிக்னலில் உருட்டலாமா?

மிகச் சுலபமான வழி இது: ஒவ்வொரு சிக்னலுக்கும் கணிப்பொறி ஒரு பகடையை உருட்டட்டும். 1 விழுந்தால் சிவப்பு, மற்றபடி பச்சை. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் இப்படிச் செய்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தால் சீக்கிரமே எரிச்சல் வரும். காரணம் எளிது. உண்மையான சிக்னல் தன்னிச்சையாகச் சிவப்பாவதில்லை.

ரயில் பாதை பிளாக் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிளாக்கில் ஒரு ரயில் இருக்கும்போது அதன் வாசலில் உள்ள சிக்னல் சிவப்பாக இருக்கும். நான்கு நிலைகள் காட்டும் சிக்னல்கள் உள்ள பாதையில், அதற்கு முந்தைய சிக்னல் மஞ்சள். அதற்கும் முந்தையது இரட்டை மஞ்சள். அதற்கும் முன்னால் பச்சை. நம் நாட்டிலும் பிரிட்டனிலும் இத்தகைய சிக்னல்கள் உண்டு. இரட்டை மஞ்சளைக் கண்ட ஓட்டுநருக்கு ஒரு செய்தி கிடைத்துவிடுகிறது: முன்னால் யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள், உஷார்! அடுத்ததும் இரட்டை மஞ்சளாகவே இருந்தால், முன்னே போகும் ரயிலும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். அடுத்தது மஞ்சள் என்றால், அது நின்றுவிட்டதோ, மெதுவாகப் போகிறதோ என்று தோன்றும். ஓட்டுநர் விளக்குகளைப் படிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ரயில் ஒன்றை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார்.

சிக்னலில் பகடை உருட்டினால் இந்தப் படிப்பு முழுவதும் வீணாகிவிடும். பச்சைக்குப் பின் திடீரென்று சிவப்பு வரும். முன்னால் ரயிலே இருக்காது. இந்த ஆட்டம் பொய் சொல்கிறது என்று இரண்டு நாளில் உங்களுக்குப் புரிந்துவிடும். பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்?

ஆகவே பகடையை ஒரு படி பின்னால் தள்ளி வைப்போம். சிக்னலைத் தொடவே வேண்டாம். முன்னால் போகும் ரயிலைத் தாமதப்படுத்துவோம். ஒரு நிலையத்தில் கூட்டம் ஏறுவதற்கு ஒரு நிமிடம் அதிகம் ஆகிவிட்டது என்று வைப்போம். மீதியெல்லாம் தானாகவே நடக்கும். பிளாக் காலியாகாததால் சிக்னல் சிவப்பாகும். மஞ்சளும் இரட்டை மஞ்சளும் வரிசையாகப் பின்னால் வந்து நிற்கும். தற்செயலை விளைவில் வைக்காமல் காரணத்தில் வைத்தோம், அவ்வளவுதான். ஆட்டமும் மாறியது, விதியும் கெடவில்லை.

பூவா தலையா?

சரி, முன்னால் போகும் ரயிலை எவ்வளவு தாமதப்படுத்துவது? 0 முதல் 5 நிமிடம் வரை சமவாய்ப்பு கொடுத்தால் என்ன ஆகும்? பகடைக்கு எல்லா முகமும் ஒன்றுதான். 5 நிமிடத் தாமதம், தாமதமே இல்லாத நிலையைப் போல அடிக்கடி வரும். உண்மையான ரயில்கள் அப்படி ஓடுவதில்லை என்பது நிலையத்தில் காத்திருந்த எவருக்கும் தெரியும். பெரும்பாலான நிறுத்தங்களில் ஒன்றும் நடப்பதில்லை. சிலவற்றில் அரை நிமிடம், ஒரு நிமிடம் போகும். எப்போதாவது ஒருமுறை யாரோ சங்கிலியைப் பிடித்து இழுப்பார். பத்து நிமிடம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் வால் நீண்ட பரவல் இது. ரயில் தாமதமாகப் புறப்படலாம். அட்டவணை நேரத்துக்கு முன்னால் புறப்படக் கூடாது அல்லவா?

இத்தகைய பரவலைத் தருவதற்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். செய்து பாருங்கள். தலை விழும் வரை நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுவதற்கு முன் எத்தனை பூ விழுந்ததோ அத்தனை நிமிடம் தாமதம். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் தாமதம் இல்லை. இதற்கான நிகழ்தகவு 1/2. ஒரு நிமிடத் தாமதத்துக்கு 1/4. இரண்டு நிமிடத்துக்கு 1/8. இப்படியே பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆனால் எங்கும் பூச்சியமாகாது. சராசரி எடுத்தால் நிலையத்துக்கு ஒரு நிமிடம் வரும்.

இப்போது கணிப்பொறியே இல்லாமல் ஒரு ரயில் ஆட்டம் ஆடலாம். ஒரு தாளில் பத்து நிலையங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 10 நிமிடம் முன்னால் ஒரு ரயில் போகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் அந்த ரயிலுக்காக நாணயத்தைச் சுண்டி, தாமதத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். உங்கள் ரயிலுக்குத் தாமதமே கிடையாது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போகும் ரயிலின் மொத்தத் தாமதம் 6 நிமிடத்தை எட்டும் வரை உங்களுக்குப் பச்சை. 6, 7 என்றால் இரட்டை மஞ்சள். 8, 9 என்றால் மஞ்சள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு. எந்த நிலையத்தில் நீங்கள் முதல் மஞ்சளைக் காண்பீர்கள்?

பத்து நிலையங்களுக்கும் சேர்த்துச் சராசரித் தாமதம் 10 நிமிடம்தான். ஆனால் ஒருமுறை ஆடினால் 5 நிமிடத்தில் முடியும். இன்னொரு முறை 16ஐத் தாண்டும். இரண்டுமே அரிதல்ல. ஒரே தாள், ஒரே விதி, ஒவ்வொரு முறையும் வேறு பயணம்! உண்மையான கால அட்டவணையில் இழந்த நேரத்தை மீட்பதற்கென்று ஆங்காங்கே சில நிமிடங்களைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். அதையும் சேர்க்க விரும்பினால், ஐந்தாவது நிலையத்தில் மொத்தத் தாமதத்திலிருந்து 2 நிமிடத்தைக் கழித்துவிடுங்கள்.

இரட்டை மஞ்சளைக் கண்டதும் என்ன செய்வீர்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அதே வேகத்தில் போய்ச் சிவப்பின் முன் நிற்கலாம். அல்லது இப்போதே வேகத்தைத் தளர்த்தி, சிக்னலை அடையும்போது அது மாறியிருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். நீளமான சரக்கு ரயிலை அடியோடு நிறுத்தி மீண்டும் கிளப்புவதென்றால் நேரமும் போகும், மின்சாரமோ டீசலோ அதுவும் போகும். தாயக்கட்டை விழுந்துவிட்டது, எந்தக் காயை நகர்த்துவது என்பது உங்கள் பாடு.

இலை செய்த வேலை

ரயிலின் பிரேக்கிலும் தற்செயலைக் கலக்கலாமே என்று கேட்பீர்கள். கலக்கலாம். ஆனால் இங்கே இன்னும் கவனம் வேண்டும். பிரேக் கைப்பிடியை நகர்த்திய பிறகு கணிப்பொறி பகடையை உருட்டி, "பிரேக் பிடிக்கவில்லை, மோதிவிட்டீர்கள்" என்று சொன்னால் அது பாம்பு வாயில் விழுவதைப் போலத்தான். நீங்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டதும் ஒன்றுமில்லை.

உண்மையில் ரயில் எப்படி வழுக்குகிறது? உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருளுகிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒரு நாணயத்தின் அளவுதான். தண்டவாளம் உலர்ந்திருந்தால் உராய்வுக் குணகம் 0.3 அளவில் இருக்கும். பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் மரங்கள் இலையைக் கொட்டும். அவை தண்டவாளத்தில் விழுந்து, சக்கரங்களால் நசுக்கப்பட்டு, மெல்லிய கரிய படலமாகக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கொஞ்சம் பனியோ தூறலோ விழுந்தால் போதும், சோப்புத் தண்ணீர் தெளித்த தரையைப் போல் வழுக்கும். குணகம் 0.03 அளவுக்குக்கூட இறங்கிவிடலாம். கனமழை பெய்தால் பரவாயில்லை, தண்டவாளத்தைக் கழுவிவிடும். அரைகுறை ஈரம்தான் ஆபத்து.

இது எவ்வளவு தூரத்தை மாற்றும்? நீங்கள் படித்த சமன்பாடே போதும்: நிற்பதற்கு ஆகும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்). மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். வழக்கமான பிரேக்கில் எதிர்முடுக்கம் 0.9 மீ/வி² என்று கொள்வோம். 625 ÷ 1.8 = ஏறக்குறைய 347 மீட்டர். வழுக்கும் தண்டவாளத்தில் குணகம் 0.03 என்றால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் பிடித்தாலும் 0.3 மீ/வி² தான் கிடைக்கும். 625 ÷ 0.6 = 1,042 மீட்டர்! அதே ரயில், அதே பிரேக், அதே ஓட்டுநர். நிற்கும் இடம் மட்டும் ஏறக்குறைய 700 மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 அக்டோபர் 31ஆம் தேதி மாலை, இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே, சுரங்கப் பாதையை ஒட்டிய சந்திப்பில் ஒரு பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலில் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய், பக்கத்துப் பாதையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலின் பக்கவாட்டில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, பலர் காயமடைந்தனர். தண்டவாளத்தில் இலைப் படலம் படிந்து பிடிமானம் மிகவும் குறைந்திருந்ததை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. அந்தச் சூழ்நிலைக்குத் தேவையான அளவு முன்கூட்டியே பிரேக் போடப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

பழகிய பாதைதான் ஓட்டுநருக்குப் பெரிய பலம். எந்த மரத்தடியில் பிரேக் போட்டால் எங்கே நிற்கும் என்று கைக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் தவறாகும் நாள் எது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அறிகுறிகள் இருக்கின்றன. பருவம் தெரியும். பனி கண்ணுக்குத் தெரியும். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது சக்கரம் ஒருமுறை சுற்றி வழுக்கியிருக்கும். முந்தைய நிறுத்தத்தில் ரயில் வழக்கத்தைவிட நாலடி தள்ளி நின்றிருக்கும். இவற்றைக் கவனித்தவர் வழக்கத்தைவிட முன்பாகவும் மென்மையாகவும் பிரேக் பிடிப்பார். தேவைப்பட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவுவார்.

நல்ல ஆட்டமும் இப்படித்தான் அமைய வேண்டும். பயணம் தொடங்குவதற்கு முன்பே பகடை உருண்டுவிடட்டும்: இன்று பனி உண்டா, இல்லையா? எந்த இரண்டு கிலோமீட்டரில் இலைப் படலம்? அதன் பிறகு கணிப்பொறி எதையும் உருட்ட வேண்டாம். பனி திரையில் தெரியட்டும். சக்கரம் வழுக்கும் ஓசை கேட்கட்டும். கவனித்தவர் பிழைப்பார். கவனிக்காதவர் சிக்னலைத் தாண்டுவார். ஆனால் இரண்டு பேருமே, "ஓகோ, அதனால்தானா!" என்று சொல்ல முடியும்.

வானிலையை மாற்றுவதிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகப் பகடை உருட்டினால் கொட்டும் மழைக்கு அடுத்த நிமிடம் சுள்ளென்று வெயில் அடிக்கும். அதற்குப் பதில் வானிலைக்கு ஆறு படிகள் வையுங்கள்: தெளிந்த வானம், மேகம், மூட்டம், தூறல், மழை, பெருமழை. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு படி மேலே, பூ விழுந்தால் ஒரு படி கீழே. இப்போது வானம் கறுப்பதைப் பார்த்தே மழை வரப் போகிறது என்று ஊகிக்கலாம். ஊகம் சில வேளை பொய்க்கவும் செய்யும். நிஜ வானம் போலவேதான்.

எவ்வளவு உப்பு?

மைக்ரோசாப்ட் ஆட்டத்தின் பாதைகளையும் ரயில்களையும் பயன்படுத்தும் இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர் ஓப்பன் ரெயில்ஸ். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது. அதில் பயணப் பணிகளில் தற்செயலைக் கலப்பதற்கென்றே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். பூச்சியம் முதல் மூன்று வரை அதைத் திருப்பலாம். பூச்சியத்தில் வைத்தால் எல்லாம் எழுதி வைத்தபடி நடக்கும். ஒன்று, இரண்டு என்று கூட்டினால் மற்ற ரயில்கள் நிலையங்களில் நிற்கும் நேரம் மாறும், எப்போதாவது ஒரு சரக்குப் பெட்டியின் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொள்ளும், காற்றழுத்தி பழுதாகும். மூன்றில் வைத்தால் சில வேளை இயல்புக்கு ஒவ்வாததாகிவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. வானிலைக்குத் தனியாக இன்னொரு திருகு.

பிரேக் பிடித்துக்கொண்ட பெட்டி எனக்கு மிகவும் பிடித்த தொல்லை. திரையில் சிவப்பு எழுத்தில் எதுவும் வராவிட்டாலும், ரயில் ஏனோ சோம்புகிறது என்பது தெரியும். இந்த ஏற்றத்தில் வழக்கமாக 50 வருமே, இன்று 42தானே வருகிறது? ஏற்றமா, எஞ்சினா, பெட்டியா? ஒரு மருத்துவரைப் போல் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இத்தகைய பழுதுகள் எவ்வளவு அடிக்கடி வரலாம்? உண்மையை அப்படியே வைத்தால், வாரம் ஒருமுறை ஆடும் உங்களுக்குப் பல ஆண்டுகள் ஒன்றுமே நடக்காது. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது கெட்டால், அது ரயில் ஆட்டம் இல்லை, பட்டறை ஆட்டம். இங்கே நிகழ்தகவு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. நம் நாணய ரயிலுக்குத் திரும்புவோம். ஒரு நிலையத்தில் 4 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாவதற்கான வாய்ப்பு 1/16 தான். மிகக் குறைவாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் பத்து நிலையங்களிலும் தப்பிப்பதற்கான வாய்ப்பு 15/16ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது; அது சுமார் 0.52. அதாவது, ஏறக்குறைய இரண்டு பயணத்தில் ஒன்றில் எங்கோ ஓர் இடத்தில் பெரிய தாமதம் காத்திருக்கிறது! ஒவ்வொரு இடத்திலும் அரிதாக இருப்பது பயணம் முழுவதையும் பார்த்தால் அரிதாக இருப்பதில்லை. ஆட்டம் அமைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட்டுத்தான் உப்பை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பழுதுகள் ஒரு சிட்டிகை போதும். நிலையத் தாமதம், பெட்டிகளின் எடை, பனி, தூறல் போன்ற சிறிய மாற்றங்களைத்தான் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

தற்செயலே வேண்டாம் என்று ஒதுக்கியும் சுவையான ஆட்டம் செய்யலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் கொண்டுவந்த டென்ஷா டி கோ ஆட்டத்தில் விநாடி பிசகாமல் வந்து, நடைமேடையில் குறித்த கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். அங்கே சவால் உங்கள் கைத் திறமையில் இருக்கிறது, வில்வித்தை போல.

உண்மையான ஓட்டுநர்களுக்கும் சிமுலேட்டர் உண்டு. நம் இந்திய ரயில்வேயிலும் லோகோ பைலட்டுகளுக்கு அதில் பயிற்சி தருகிறார்கள். எஞ்சின் அறை போலவே அமைத்த அறை. கண்ணாடிக்கு வெளியே திரையில் பாதை ஓடும். பின்னால் இன்னோர் இடத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். மூடுபனியைக் கொண்டுவருவதும், தண்டவாளத்தை வழுக்க வைப்பதும், கருவியைப் பழுதாக்குவதும் அவர் வேலை. அங்கே பகடைக்கு இடமில்லை. மாணவர் எதில் தடுமாறுகிறார் என்று பார்த்து அதையே கொடுப்பார். பள்ளி ஆசிரியர் கணக்கில் நம்மைப் பிடிக்கும் வித்தைதான்! வீட்டில் ஆடும் உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லாததால்தான் கணிப்பொறி பகடை உருட்ட வேண்டியிருக்கிறது.

பகடை இல்லாத கணிப்பொறி

ஆனால் ஒரு சந்தேகம். கணிப்பொறி சொன்னதைச் செய்யும் கருவி. அதனிடம் ஏது பகடை?

அது பெரும்பாலும் கணக்குப் போட்டே "தற்செயல்" எண்களைத் தயாரிக்கிறது. 1949-ல் டி. எச். லெமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் முன்வைத்த வழியின் ஒரு சிறிய வடிவத்தை நாமே செய்து பார்க்கலாம். விதி இதுதான்: கையில் உள்ள எண்ணை 5ஆல் பெருக்கு, 3ஐக் கூட்டு, 16ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதிதான் அடுத்த எண். முதலில் நாம் கொடுக்கும் எண்ணுக்கு விதை என்று பெயர். விதை 7 என்று வைப்போம். 7 × 5 + 3 = 38; மீதி 6. அடுத்தது 6 × 5 + 3 = 33; மீதி 1. இப்படியே போனால்:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

பிறகு மறுபடியும் 7. பதினாறு எண்களும் ஒருமுறை வந்துவிட்டன. கணிப்பொறியில் 16க்குப் பதிலாகப் பல கோடிகளை வைப்பதால் சுற்று திரும்பி வருவது நம் கண்ணில் படாது.

இதை நாணயமாக்கி நம் ரயில் ஆட்டத்தை ஓட்டுவோம். ஒற்றைப்படை எண் என்றால் தலை, இரட்டைப்படை என்றால் பூ. முதல் நிலையம்: 7, தலை, தாமதமில்லை. அடுத்தது: 6 பூ, 1 தலை, ஒரு நிமிடம். அடுத்தது: 8 பூ, 11 தலை; ஒரு நிமிடம். அடுத்தது: 10, 5, ஒரு நிமிடம். என்ன இது! முதல் நிலையத்தைத் தவிர எல்லா நிலையத்திலும் மிகச் சரியாக ஒரு நிமிடத் தாமதம். சராசரி என்னவோ சரிதான், தற்செயல்தான் போய்விட்டது. வரிசையைப் பாருங்கள்: ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் மாறி மாறி வருகின்றன.

வேறு விதமாக நாணயமாக்குவோம். 8ம் அதற்கு மேலும் தலை. 7ம் அதற்குக் கீழும் பூ. இப்போது பத்து நிலையங்களின் தாமதம் 3, 0, 0, 1, 0, 0, 0, 3, 4, 0. வரிசை முடிந்ததும் மீண்டும் 7லிருந்து தொடங்கிக்கொண்டேன். மொத்தம் 11 நிமிடம். ஏழு நிலையம் வரை பச்சை. எட்டாவதில் இரட்டை மஞ்சள். இடையில் மஞ்சளைக் கடந்து ஒன்பதாவதில் சிவப்பு. நம்பும்படி இருக்கிறது!

"எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அடுத்தடுத்துத் தாமதம் வருகிறதே, இது தற்செயலா?" என்று கேட்காதீர்கள். உண்மையான நாணயமும் இப்படித்தான் கொத்துக் கொத்தாகச் செய்யும். 20 முறை சுண்டினால், எங்காவது நான்கு தலையோ நான்கு பூவோ தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று பங்குக்கும் அதிகம். உங்கள் நண்பரை நாணயமில்லாமல் மனத்தால் 20 சுண்டல்களை எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து நான்கு எழுதப் பெரும்பாலோர் தயங்குவார்கள்.

விதை எண்ணால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து விதையை எடுத்தால் ஒவ்வொரு நாளும் புதிய பயணம் கிடைக்கும். அதே விதையைத் திரும்பக் கொடுத்தால் அதே பனி, அதே தாமதம், அதே சிவப்பு மீண்டும் வரும். பத்துப் பேருக்கு ஒரே விதையைக் கொடுத்துப் போட்டி வைக்கலாம். யாருக்கும் அதிர்ஷ்டம் கூடுதல் என்று புகார் இருக்காது. ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றால், "விதை 7ல் ஒன்பதாவது நிலையம்" என்று எழுதி அனுப்பினால் நிரல் எழுதியவர் அதே காட்சியைத் தம் மேசையில் ஓட்டிப் பார்க்க முடியும்.

முடிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை. மேலே உள்ள பதினாறு எண்களையும் 4ஆல் வகுத்து மீதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு விநோதம் தெரியும். விதையை 2 என்றோ 12 என்றோ மாற்றினால் அது மறைகிறதா? 5க்குப் பதில் 13ஐப் போட்டுப் பெருக்கினால்? விடை கண்டதும் அந்த எண்களைக் கொண்டு நாணய ரயிலை ஒருமுறை ஓட்டுங்கள். முதல் மஞ்சள் எந்த நிலையத்தில் வருகிறது என்று பாருங்கள்.